எதிர்வீட்டுக்குக் கட்டிய முன்பணம்

மச்சானின் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. கேள்விப்பட்ட அன்றே, சுங்கை பினாங்கில் இருந்த என் வீட்டை விற்காமலேயே, யாரிடமும் சொல்லாமல் முன்பணம் கட்டினேன். மூன்று மாதத்துக்குள் மீதியைக் கட்ட வேண்டும்; தவறினால் வீடும் இல்லை, முன்பணமும் இல்லை. ஆனி முடிய நான்கு நாள்தான் இருந்தது. ஆடி பிறந்தால் வீடு பேசக்கூடாதே என்ற அவசரம். வாங்க ஆகாத ஆடி விற்கவும் ஆகாது என்பது மண்டையில் ஏறவில்லை. ஏற இடமில்லை, அங்கே மச்சான் உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் கணவர். கெலுகோரில் புது வீடு கட்டிக் குடிபோன விருந்தில், அத்தனை பேர் நடுவில், "சுங்கை பினாங் ஆளுங்க பின்பக்கமா போய் சாப்பிடுங்க லா, முன்னால ஆபீஸ்காரங்க இருக்காங்க" என்று சிரித்தவர். என் மனைவி பாதி இலையில் எழுந்தாள்.

ஆடியில் ஒரு தமிழரும் என் வீட்டைப் பார்க்க வரவில்லை. பிறகு சீனர்களின் ஏழாம் மாதம். ஆவிகளுக்குத் தெருவெல்லாம் படையல், ஊதுபத்தி, சாம்பல். அவர்களும் அந்த மாதம் வீடு வாங்கமாட்டார்கள். மழை வந்தது, புகை வந்தது, ஆள் வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே தேய்ந்தேன்.

வந்தவர் மச்சான்தான்.

"என்ன மச்சான், பேய்கூட வந்து வெல கேக்கலயா? பாதி வெலைக்கு நானே எடுத்துக்கறேன். வாடகைக்கு விடலாம். சொந்தமாச்சேன்னு பாக்கறேன் லா."

"யோசிச்சுச் சொல்றேன் மச்சான்."

அவர் போன பிறகுதான் புத்தி வந்தது. ஆடியும் ஏழாம் மாதமும் இல்லாத மனிதர்களும் இந்த ஊரில் இருக்கிறார்களே! பள்ளிவாசல் பக்கத்துத் தேநீர்க்கடையில் சொல்லிவைத்தேன். அந்த வாரமே ஒரு மலாய் ஆசிரியர் வந்தார். குழாயைத் திறந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், நியாயமான விலை சொன்னார்.

மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்தார். "நான் கேட்ட வீடு அவனுக்கா? அவன் சொன்னதுக்கு மேல ஆயிரம் வெள்ளி தரேன்டா!"

"அவருக்கே குடுத்துட்டேன் மச்சான்."

"ஆயிரம் வெள்ளி கசக்குதா ஒனக்கு? அப்படி எங்கதான் குடி போற?"

"உங்க எதிர்வீட்டுக்கு."

அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லுவதை மறந்து நின்றார்.

ஆயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. புது வீட்டில் அந்த வருடம் முழுக்க மின்விசிறி மாட்ட முடியவில்லை. வேர்வையில் பாய் நனைந்தது. அப்படியொரு தூக்கம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.