ஹிம்செல்ஃப் அச்சடித்த நன்னடத்தைச் சான்றிதழ்

மாரிச்செல்விக்குக் கிடைத்த வேலையைக் கெடுத்தவர் எங்கள் தாளாளர். சங்கரன்கோவிலில் அவர் நடத்தும் தனியார் ஐ.டி.ஐ.யில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். போன மாதம் ரிட்டையர் ஆனேன். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. கையெழுத்துக் கட்டு

படிப்பு முடித்துப் போகிறவர்களுக்கு இங்கிலீஷில் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்போம். ஆரம்பத்தில் பையன்கள் மட்டும்தான் படித்தார்கள். அதனால் ‘ஹி ஹேஸ் கண்டக்டட் ஹிம்செல்ஃப் வெல்’ என்று அச்சடித்திருந்தது. தமிழில் ‘ஒழுக்கமாக நடந்துகொண்டார்’ என்றால் யாருக்கும் பொருந்தும். இங்கிலீஷில் பெண்ணுக்கு ஹெர்செல்ஃப் வேண்டும். பெண்பிள்ளைகள் சேர்ந்து பல வருஷம் ஆகியும் தாள் மாறவில்லை.

தாளாளர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். வந்ததும் ஐம்பது தாளில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தந்துவிடுவார். பெயரும் தேதியும் பிறகு நான் எழுத வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். “சார், பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹெர்செல்ஃப்னு தனியா அடிக்கணும்.”

“ஏம்மா, நாலு கட்டு பிரிக்காம கெடக்கு. அத என்ன அடுப்பெரிக்கவா? பேனாவால அடிச்சிட்டு எழுதி வுடு.”

“ரெண்டு பேருக்கும் பொதுவா தெம்செல்ஃப்னும் போடுதாவ சார். இல்லன்னா அந்த வார்த்தையே வேண்டாம். நடத்தை நல்லதுன்னு போட்டாப் போதும்.”

“ஒத்த ஆளுக்குத் தெம்மா? ரெட்டப் பிள்ளையா ஒட்டிக்கிட்டுப் படிக்கு? நீ கிளார்க்கா, இங்கிலீஷ் வாத்தியாரா?”

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணின் சான்றிதழிலும் ‘ஹி’, ‘ஹிம்செல்ஃப்’ என்று இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன்.

2. சென்னையிலிருந்து போன்

மாரிச்செல்வி குருவிகுளம் பக்கத்துப் பிள்ளை. அப்பா ஆடு மேய்க்கிறவர். கட்டட வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன் சிவில் படிப்பில் அவள்தான் முதல் மார்க். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸாகத் தேர்வானாள். சான்றிதழ் சரிபார்க்கப் போன இடத்திலிருந்து கூப்பிட்டாள்.

“மேடம், அடிச்சுத் திருத்துனது செல்லாதுன்னு சொல்லுதாக. நாளைக்கு நாலு மணிக்குள்ள வேற அனுப்பணுமாம்.”

தாளாளருக்குப் போன் போட்டேன். ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். மேளச் சத்தம் கேட்டது.

“வெள்ளிக்கிழமதான் வருவேன். அதான் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன்லா? திருத்தாம அனுப்பு.”

“திருத்தாம அனுப்புனா ஆம்பளன்னுல்லா இருக்கும் சார்.”

“அதெல்லாம் எவன் வாசிக்கான்? அனுப்பும்மா.”

பிரின்சிபாலுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் கிடையாது. வேறு வழியில்லாமல் திருத்தாத தாளில் பெயரை எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். மறுநாள் மூன்றரை மணிக்கு மறுபடியும் போன். மாரிச்செல்விதான்.

“எவனோ ஒரு பையன் சர்ட்டிபிகேட்ல எம்பேர எழுதிக் கொண்டாந்துட்டேங்காக மேடம். ரெண்டையும் பக்கத்துல வச்சு, எது போலின்னு கேக்காக. நான் என்னன்னு சொல்ல?”

அந்த அதிகாரியிடம் நானே பேசினேன். “உங்க ஆபீஸ்ல யார் வேணும்னாலும் கையெழுத்துத் தாளை எடுத்து எழுதலாமா?” என்று கேட்டார். எழுதலாம் என்பதுதான் உண்மை. போனை வைத்துவிட்டேன். காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருந்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை தாளாளர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

வரைபடம் போட வேண்டிய பிள்ளை இப்போது ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள்.

3. என் தப்பு

நான் பேனாவை எடுத்ததால்தான் அவர் அச்சகத்துக்குப் போகவில்லை. வருஷக்கணக்காக அவர் தப்பை நான் அடித்து அடித்து மறைத்தேன். புதிதாக வருகிறவர்களே, மேலே இருப்பவர் செய்ய வேண்டிய திருத்தத்தை நீங்கள் செய்யாதீர்கள். பெயர் எழுதாத தாளில் கையெழுத்து இருந்தால் தொடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

நான் ரிட்டையர் ஆன வாரத்தில் பழைய கட்டெல்லாம் தீர்ந்து, புதுக் கட்டு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். அதே ஹிம்செல்ஃப். பழைய தாளைக் கொடுத்து, அதைப் பார்த்தே அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

தாளாளர் அவர்களே, ஆண்டு விழாவுக்குப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். நடந்தது அத்தனையும் தெரிந்த பிறகும் அதையே ஏன் மறுபடி அச்சடித்தீர்கள்? என்னைச் சமாதானப்படுத்த வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அந்தப் பெற்றோர் முகத்தைப் பார்த்து மைக்கில் பதில் சொல்லுங்கள்.