அரைமணி

இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தள்ளிவிட்டு, நீளச் சாவியை வால்வுக் குழிக்குள் இறக்கித் திருகுகிறார் குடிநீர் வாரிய ஊழியர். திருகிய கையோடு கடிகாரத்தைப் பார்க்கிறார். காலை ஆறு. எங்கள் பள்ளத் தெருவுக்கு அரைமணி நேரம் தண்ணீர். பிறகு மேட்டுத் தெருவுக்கு மூன்று மணி நேரம். தேவையைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று வாரியமே இவருக்குச் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வருடமாக மேட்டுக்குக் கூட்டுகிறார், எங்களுக்குக் குறைக்கிறார். ‘அரைமணி’ என்பது இவருக்குத் தெரு வைத்த பெயர்.

இத்தனைக்கும் ஆள் குடியிருப்பது எங்கள் தெருவில்தான், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அவர் மனைவியும் எங்களோடு வரிசையில் நின்று குடத்தை இடித்துக்கொள்கிறவர்தான்.

கேட்டால் பிரசங்கம் செய்வார். “எல்லாருக்கும் சமமா விட்டா யாருக்கும் உருப்படியா வராது. அவங்க வீட்ல தோட்டம் இருக்கு. தோட்டம் இருந்தாதான் நாலு தோட்டக்காரன் பொழைப்பான்.” அந்தத் தோட்டங்களை இவரே நட்டு வளர்த்த மாதிரி நெஞ்சு நிமிரும். மேட்டுத் தெருவில் ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. இவரோ அவர்கள் கார் போனால் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. துவைக்கத் துவைக்கத் துணி சேருகிறது, அலசத் தண்ணீர் இல்லை. இன்று ஆறரைக்கு, சோப்பு நுரையில் துணி ஊறுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு குழிக்கே வந்துவிட்டாள். இன்னும் பத்து நிமிடம் விடச் சொன்னாள். அவர் தோட்டக்காரன் கதையை ஆரம்பித்தார்.

“அங்க தோட்டக்காரனே இல்லப்பா. தானா சுத்துற குழாய்தான் தண்ணி அடிக்குது. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன்” என்றாள்.

அவர் எங்கள் வால்வை மூடினார், மேட்டு வால்வைத் திறந்தார். அவள் வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வாசலில் காலிக் குடத்தோடு நின்ற என்னை அவர் கவனிக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு தோள்வரை கையைக் குழிக்குள் விட்டு, வால்வில் கசிந்து தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரைப் பேரக்குழந்தையின் துணிமேல் மொண்டு ஊற்றத் தொடங்கினார்.