எட்டு மாதம் என்று சொன்னவள்

"கேபிளை மாத்து" என்கிறாள் பெங் குய்லியன், தலையை நிமிர்த்தாமலே.

எதிரே நிற்பவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கையில் ஒரு போர்டு, கண்ணில் மூன்று நாள் தூக்கக் கலக்கம். அவளுக்கு அது போதும்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"சொருகினா லைட் எரியுது, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆள் தெரியல. அதானே முதலாளி? கேபிளைக் காட்டு."

செல்போன் சார்ஜரோடு வந்த கேபிளைக் காட்டுவார். மின்சாரம் போக அதில் கம்பி உண்டு. தகவல் போகத்தான் இல்லை. குய்லியன் அதை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பைக் கூடையில் போடுவாள். அவர் கத்தத் தொடங்குமுன் நல்ல கேபிள் ஒன்று கைக்கு வந்துவிடும். "இந்தப் பட்டனை அமுக்கிக்கிட்டே சொருகு. அமுக்கிட்டுச் சொருகாதே, சொருகிட்டும் அமுக்காதே. அமுக்கிக்கிட்டே." இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறாள். இருபதாவது தடவை சொல்லும்போது கன்னத்தில் அடக்கிய பாக்கு கல்லை மெல்வதுபோல் நெரிபடும். ஹூனான்காரி, பாக்கில்லாமல் அவளால் கோபப்பட முடியாது.

ஷென்ஜென்னில், ஹுவாச்சியாங்பெய் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில், மூன்றாவது மாடியில், இரண்டு கை அகலக் கடை அவளுடையது. நான் எதிர்க் கடையில் பேட்டரி விற்கிறேன். பதினோரு வருடமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மதியச் சோறு தின்கிறேன். யார் மேல் கோபம் என்றாலும் முதலில் நிமிர்ந்து என்னைத்தான் முறைப்பாள்.

அவள் விற்கும் போர்டு பாதித் தீப்பெட்டி அளவு. நடுவே ஒரு சிப். அதற்குள் புரோகிராமை ஏற்றி, ஒரு சென்சாரை மாட்டி, ஒரு பேட்டரியைக் கொடுத்தால் தன் பாட்டுக்குத் தூங்கும். அரை மணிக்கு ஒரு தரம் விழித்து, அளந்து, போனுக்குச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். குய்லியன் பொறியியல் படித்தவள் அல்ல. ஒன்பது வருடம் தொழிற்சாலை வரிசையில் நின்று ஈயம் பற்றவைத்தவள். படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "பெரிய படிப்புப் படிச்சிட்டு பட்டனை அமுக்கத் தெரியல" என்று என்னிடம் சொல்வாள், அவர்கள் காதில் விழும்படி.

சென்ற ஏப்ரலில் மோ தெஷுன் இரண்டாம் முறையாக வந்தார். ஜாவ்சிங் பக்கம் மீன் குளங்கள் வைத்திருக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். துணிப்பை ஒன்றைக் கவிழ்த்தார். பன்னிரண்டு போர்டுகளும் என்னிடம் வாங்கிய பன்னிரண்டு பேட்டரிகளும் கண்ணாடிமேல் உருண்டன.

"ஒரு சார்ஜுக்கு எட்டு மாசம் வரும்னியே முதலாளியம்மா. பதிமூணாம் நாள் செத்துப்போச்சு. பன்னெண்டும்."

"பேட்டரி மட்டமா இருக்கும்" என்றாள் குய்லியன், என்னை முறைத்தபடி.

நான் பன்னிரண்டையும் சார்ஜ் ஏற்றிச் சோதித்தேன். ஒன்றுகூடச் சோடை இல்லை. மோ அதுவரை எங்கள் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பேசிக்கொண்டிருந்தார். போன கோடையில் ஒரு புழுக்கமான விடியலில் குளத்துத் தண்ணீரில் உயிர்க்காற்று வற்றி, பன்னிரண்டாயிரம் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீருக்குக் காற்றடிக்கும் விசிறிகள் கரையிலேயே இருந்தன. போடத்தான் ஆள் விழித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மனைவி வீட்டுக்குள் படுப்பதில்லை. டார்ச்சும் கையுமாகக் கரையில் கட்டில் போட்டுக் கிடக்கிறாள். "மெஷின் பாத்துக்கும், நீ உள்ள வந்து படுன்னு சொன்னேன். வந்தா. பதிமூணு நாள் படுத்தா. இப்ப மறுபடி கரைக்குப் போயிட்டா. இனிமே நான் சொன்னா நம்புவாளா?"

 குய்லியன் மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்து ஒரு போர்டில் மாட்டினாள். தூங்கும் போர்டில் முள் அசையவே கூடாது. இது ஒன்பது மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை மாட்டினாள். அதுவும் ஒன்பது. சிப்போடு வந்த காகிதக் கட்டு ஒன்றை உருவி விரலால் வரிவரியாகத் தடவினாள். அந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. கழுத்து சிவந்தது.

காகிதத்தில் இருந்த கணக்கு சிப்புக்கு மட்டும். சிப் தூங்கத்தான் செய்தது. அதைச் சுற்றிப் போர்டில் இருந்த மற்றவை தூங்கவில்லை: கம்ப்யூட்டரோடு பேசும் குட்டிச் சிப், மின்சாரம் வருகிறது என்று காட்ட ஓயாமல் எரியும் சிவப்பு விளக்கு. அவள் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கவில்லை. படித்துச் சொல்லியிருந்தாள்.

"இந்தச் சிவப்பு லைட்டைப் பிடுங்கணும்" என்றாள்.

மோ போர்டைக் கையால் மூடிக்கொண்டார். "அது வேணும்."

"அதான் உன் பேட்டரியைக் குடிக்குது."

"கரையிலருந்து பாத்தா அது ஒண்ணுதான் தெரியும். அது எரிஞ்சாத்தான் என் சம்சாரம் உள்ள வருவா."

"மீன் வேணுமா, லைட்டு வேணுமா அண்ணே?"

"ரெண்டும் வேணும். எட்டு மாசம்னு நீதானே சொன்னே."

பாக்கை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினாள். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை. "மனுசனா, கழுதையா?" என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கடைப் பலகையைப் பாதி இறக்கி, வந்தவர்களை எல்லாம் "போ, நாளைக்கு வா" என்று விரட்டிவிட்டு, பற்றவைப்புக் கோலைச் சூடாக்கினாள்.

அன்று மதியம் முழுவதும் அவள் திட்டியதை எழுத முடியாது. சிவப்பு விளக்குகள் எள்ளளவுதான் இருக்கும். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். குட்டிச் சிப்புக்குப் போகும் வழியை வெட்டினாள். வெட்டியபின் இரண்டு போர்டுகள் பேசவே மறுத்தன. அவற்றை வீசிவிட்டு அலமாரியிலிருந்து புதிதாக இரண்டைப் பிரித்து அதே வேலையைச் செய்தாள். முள் இப்போது அசையவில்லை.

பிறகு வெளியிலிருந்து வேறொரு ஒயரை மாட்டிப் புரோகிராமைத் திறந்தாள். போர்டில் நீல விளக்கு ஒன்று உண்டு, சொன்னால்தான் எரியும். நிமிடத்துக்கு ஒரு முறை கண் சிமிட்டும் நேரம் எரியும்படி எழுதினாள். அவ்வளவு கொஞ்ச நேரம் எரிந்தால் பேட்டரிக்கு உறைக்காது.

மோ குனிந்து பார்த்தார். "எரியலியே."

"பொறு."

"செத்துப்போச்சா?"

"ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா அண்ணே?"

சிமிட்டியது. அப்போது பார்த்து அவர் என் பக்கம் திரும்பியிருந்தார். மறுபடி ஒரு நிமிடம். இம்முறை பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். குய்லியன் பன்னிரண்டையும் பைக்குள் அள்ளிப் போட்டு அவர் மடியில் வைத்தாள். "ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது தடவை சிமிட்டும். அக்காவை எண்ணிக்கச் சொல்லு. இந்தத் தடவை நான் மாசக் கணக்கு எதுவும் தர மாட்டேன். சிமிட்டறது நிக்கும்போது போன் பண்ணு, அப்பத் தெரியும்." 

மே போனது. ஜூன் போனது. போன் வரவில்லை. "அந்த ஆளு கிட்டருந்து சத்தமே இல்ல" என்று இரண்டு தடவை என்னிடம் எரிந்து விழுந்தாள், அவர் வாயை நான் கட்டிவைத்ததுபோல.

ஆகஸ்டில் ஒரு மதியம், ஒருவன் கேபிளும் கையுமாக அவள் எதிரே நிற்கும்போது அவள் போன் சிணுங்கியது. மோவின் குரல் செய்தி, எனக்கும் கேட்டது: "முதலாளியம்மா, முந்தாநாள் விடியக்காலம் ரெண்டாம் குளத்துல காத்து குறைஞ்சிருச்சு. போன் அடிச்சுது. ஓடிப்போய் விசிறியைப் போட்டேன். கொஞ்சம் போச்சு, மிச்சம் பிழைச்சுது. சம்சாரம் வீடியோ எடுத்தா, பாரு. வீட்டு ஜன்னல்லருந்து எடுத்தது."

மங்கிய வெளிச்சத்தில் ஒரு குளம். தண்ணீர். மேலும் தண்ணீர். "இதைப் போய் ஒருத்தர் அனுப்புவாங்களா?" என்று முணுமுணுத்தாள் குய்லியன்.

"அக்கா, என் போர்டு" என்றான் எதிரே நின்றவன்.

அவள் ஒரு கையை அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். மறு கையைத் திரைக்கு மேல் கூடாரமாகக் குவித்து, கடை வெளிச்சம் விழாமல் மறைத்து, மெல்லுவதை நிறுத்திவிட்டு, குனிந்து, அந்த நீலச் சிமிட்டலுக்குக் காத்திருந்தாள்.