கோடையில் அளந்த நிலம்

சர்வேயரம்மா கோடு போட்டால் கோடுதான் என்று ஆபீஸில் பேர். முப்பது வருஷத்தில் ஒரு எல்லைக்கல்லைக்கூட இடம் மாற்றி நட்டதில்லை. செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதையும் ஆபீஸே காலங்காலமாகச் செய்துவந்தது. சதுப்பு நிலத்தைக் கோடையில்தான் அளப்பார்கள். மழைக்காலத்தில் போனால் இடுப்பளவு சேறு, போதாததற்கு அட்டைக்கடி, எவன் போவான்? வெடித்துக் கிடந்த மண்ணை அளந்து, வரைபடத்தில் ‘தரிசு’ என்று முத்து முத்தாக எழுதினாள்.

தரிசு என்றால் வீடு கட்டலாம். "அக்கா, அங்க இடம் வாங்கலாமா?" என்று தம்பி கேட்டான்.

"நான் அளந்த இடம்டா. கண்ண மூடிட்டு வாங்கு."

மூன்று மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவதில், தம்பியும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. வீட்டில் தனியாக இருந்த பதின்மூன்று வயது மகள் போய்விட்டாள். அத்தை அத்தை என்று இவள் காலையே சுற்றி வந்த பிள்ளை. தம்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டான்.

அந்தப் பிள்ளை படித்த வகுப்பில் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேச வரமுடியுமா என்று டீச்சர் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பழைய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"சேறும் கோரையும் மழைத்தண்ணிய இழுத்து வச்சுக்கிட்டு, மெல்ல மெல்லத்தான் விடும். அந்த இடத்த மண்ணு போட்டு மூடிட்டா, தண்ணி எங்க போகும்?"

"வீட்டுக்குள்ள," என்றது வகுப்பு.

முன் பெஞ்சுப் பெண் வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். "இதுல தண்ணியே காட்டலையே மேடம்? யாரு போட்டது?"

வரைபடத்தின் மூலையிலிருந்த தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான்மா," என்றாள். "காஞ்சு கிடந்த நாள்ல மட்டும் போய்ப் பார்த்தேன். நீங்க மழை நாள்லயும் போய்ப் பாருங்க."

காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள்.

"அன்னைக்கு நான் அவளுக்கு ஃபோன் பண்ணேன் மேடம். தண்ணி ஏறுது, எங்க வீட்டுக்கு வந்துடுடின்னு கெஞ்சினேன்."

"என்னம்மா சொன்னா?"

"பயப்படாதடி, எங்க அத்தை அளந்த இடம், இங்கல்லாம் வராதுன்னு சிரிச்சா."