பேருந்தின் மூன்று படிகள்

வெர்னெல் கோட்னி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மிசிசிப்பியின் அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் வண்டியில் ஏறிப் போனவர்கள்தான். அதனால் அவளிடம் எதையும் கேட்க யாருக்கும் கூச்சம் கிடையாது. பெட்ரோல் போட நின்றால், "பையன் எந்தக் காலேஜ்?" என்பார்கள். சர்ச்சில் கண்ணை மூடினால், "பெரிய யூனிவர்சிட்டிதானே, மிஸ் வெர்னெல்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மகன் டெமரியஸ் அமெரிக்க ஃபுட்பாலில் பேரெடுத்த நாளிலிருந்து அவன் கால்கள் ஊர்ச்சொத்து ஆகிவிட்டன.

இலவசப் படிப்பு தருகிறோம், எங்கள் அணிக்கு வா என்று கல்லூரிக் கோச்சுகள் வாராவாரம் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கோழி பொரித்து அவள் கையில் எண்ணெய் வாடை தங்கிவிட்டது. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "நாலு வருஷம் எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி." டெமரியஸின் போன் சாப்பிடும்போதும் அடித்தது, குளிக்கும்போதும் அடித்தது. பதினேழு வயதுப் பையன் கிழவனைப் போலப் பெருமூச்சு விட ஆரம்பித்தான். கடைசியில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு வாய்வார்த்தை கொடுத்து, மற்றவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டான்.

புதன்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மேஜைமேல் மூன்று கல்லூரித் தொப்பிகள் வைப்பார்கள். பையன் ஒன்றை எடுத்துத் தலையில் போட்டதும் ஊரே எழுந்து கத்தும். எந்தத் தொப்பி என்று நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும், ஆனாலும் மூன்றும் வேண்டும். அவற்றையும் வெர்னெல்தான் வாங்கி வைத்தாள்.

அவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும். முன்பெல்லாம் பேருந்தின் மூன்று படிகளையும் ஒரே தாவலில் ஏறுகிறவன், சீசன் முடிந்ததிலிருந்து இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, வலது காலை இழுத்து ஏறினான். மற்ற பிள்ளைகள் பார்த்தால் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வான்.

"முட்டியில என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"எனக்குக் கண்ணு இல்லேன்னு நினைச்சியா?"

"இப்ப எதுவும் கிளப்பாதே. கையெழுத்து ஆகட்டும். சொன்னா எல்லாம் போயிடும். அப்புறம் காலேஜ் ஃபீஸை யாரு கட்டுவா, நீயா?"

அவளால் முடியாதுதான். ஆனால் அவள் அண்ணன் லூத்தர் இப்படித்தான் வலியை மறைத்து, ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். நாற்பது வயதில் இரண்டு முட்டியும் போய், கழிப்பறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறான். பையன் மைதானத்தில் இறங்கினால் கால் போகும், உண்மையைச் சொன்னால் படிப்பு போகும். நாலு நாளாக அவளுக்குத் தூக்கம் இல்லை.

கையெழுத்துக்கு முந்தின சனிக்கிழமை பல்கலைக்கழகத்தின் கோச் ப்ரானிகன் கடைசி முறையாகச் சாப்பிட வந்தார். வெர்னெல் கேட்டாள்: "அவனுக்கு ஏதாவது அடிபட்டா, கோச்?"

"எங்க டாக்டருங்க இருக்காங்க, மிஸ் வெர்னெல். குடும்பம்னா சும்மாவா?"

அவர் வாயில் சர்க்கரை. அவளுக்கு முட்டி விஷயம் வாய் வரை வந்தது. எதிரே மகன் கண்ணாலேயே கெஞ்சினான். சொல்ல முடியவில்லை.

"டேய், சித்தி கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு கார்லயே இருக்கு. எடுத்துட்டு வா."

டெமரியஸ் அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு எழுந்தான். வாசலிலும் மூன்று படிகள்தான், ஆனால் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ப்ரானிகனின் கண்கள் ஜன்னலைத் தாண்டி அவனோடு இறங்கின, அவனோடு ஏறின. இருபது வருஷமாகக் கால்களைப் பார்த்தே சம்பளம் வாங்குகிற மனிதர். கோழித்துண்டை மெல்வதை நிறுத்திவிட்டு மறுபடி மென்றார். இனிப்பையும் சாப்பிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து செய்தி வந்தது: இந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது, வாழ்த்துகள்.

பள்ளிக் கோச் ஸ்டாலிங்ஸ் போனில் குமுறினார். "அந்தாளுகிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"கார்ல இருந்த இனிப்பை எடுத்துட்டு வான்னு பையன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

"புதன்கிழமை விழாவுக்குக் கேக் ஆர்டர் கொடுத்தாச்சு. ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஊரு கேக்கைத் திங்கட்டும்."

வேண்டாமென்று அனுப்பப்பட்ட கல்லூரிகளுக்கு அவளே போன் போட்டு, கால் விஷயத்தையும் சேர்த்தே சொன்னாள். ஒரு சின்னக் கல்லூரிதான், "காலைச் சரி பண்ணுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றது. பார்க்கலாம் என்பதை நம்பி அடுப்பைக்கூடப் பற்றவைக்க முடியாது. மகனிடம் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை.

"வேணும்னேதான் அனுப்பினே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு பேச்சில்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று வெர்னெல் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். மூன்று தொப்பிகளையும் அலமாரிக்குள் தள்ளினாள்.

புதன்கிழமை காலை வழக்கம்போல வண்டியை எடுத்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாகத் தன் வீட்டு முன்னால் நிறுத்தினாள். வருவானா என்று தெரியவில்லை. ஹாரன் அடிக்கவும் மனமில்லை.

கதவு திறந்து டெமரியஸ் வந்தான். வண்டி நிறைய பிள்ளைகள் அவனையே பார்த்தார்கள். அவன் குனியவில்லை, நாடாவைத் தொடவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினான். அவளுக்கு நேர் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

வெர்னெல் கியரைப் போட்டாள்.

"மெதுவா ஓட்டும்மா" என்றான். "கால் ரொம்ப வலிக்குது."