நான் படித்துச் சொன்ன சீட்டு

"சரியாப் படிச்சியா, பாப்பா?"

எங்கள் நாய் லட்டுவின் மருந்துச் சீட்டைப் பார்த்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அம்மா இப்படித்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் அட்டையோ கேஸ் ரசீதோ, நான் படித்துச் சொன்னதுதான் எங்கள் வீட்டில் செல்லும். "படிக்கத் தெரிஞ்ச ஆளு வேற யாராவது இருந்தா கூப்பிட்டுக் கேளு," என்றேன்.

உண்மையில் சரியாகத்தான் படித்திருந்தேன். இரண்டு நாளில் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் மெட்டுகுடா சந்தில் ஆட்டோ இடித்து லட்டுவின் பின்னங்கால் ஒடிந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். சேர்ந்த அன்றே நாய்க்காக லீவு கேட்க வெட்கமாக இருந்தது. அம்மாவைத் தனியாக அனுப்பவும் மனமில்லை. டாக்டர் முன்னால் கைகட்டி நின்று எதையாவது உளறுவாள் என்று நினைத்தேன். கட்டு நாலைந்து நாள் கூடுதலாக இருந்தால் என்ன ஆகிவிடும்?

புதன்கிழமை அம்மா லட்டுவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "விரலெல்லாம் ஜில்லுனு இருக்குடி. கொஞ்சம் அவிழ்க்கலாமா?"

"நக்கோம்மா, வேணாம். டாக்டர் போட்ட கட்டு. சீட்டுல இருக்கிறபடி செய்வோம்."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தது. அம்மா போன் செய்ததும் அலுவலகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா லட்டுவைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். பிரித்தபோது பாதம் கறுத்திருந்தது. காலை எடுத்தால்தான் பிழைக்கும் என்ற டாக்டர் அம்மாவிடம் தெலுங்கில் பாய்ந்தார்: "ராசி இச்சாம் கதம்மா, சதவலேதா?" எழுதிக் கொடுத்தோமே, படிக்கவில்லையா என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாது என்பதைத் தெலுங்கிலேயே சொன்னாள்: "நாக்கு சதுவு ராது சார்." என் பக்கம் திரும்பவே இல்லை. புது அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நான் பக்கத்தில் நின்றேன்.

அதன்பின் யார் கேட்டாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "நாலு எழுத்து எனக்குத் தெரிஞ்சிருந்தா இதுக்குக் கால் போயிருக்காது." நம்பித்தான் சொல்கிறாளா, என்னைக் காப்பாற்றச் சொல்கிறாளா என்று ஒன்றரை வருடமாக நான் கேட்டதில்லை.

லட்டு மூன்று காலில் ஓடப் பழகிவிட்டது. காது அரித்தால் மட்டும் அந்தக் கால் இல்லை என்பது மறந்துபோகும். மிச்சமிருக்கும் தொடை காற்றில் வேகவேகமாக ஆடும், காது எட்டாது. அம்மா எந்த வேலையில் இருந்தாலும் வந்து சொறிந்துவிடுவாள்.

நேற்றுக் காலையும் சொறிந்துகொண்டிருந்தாள். என் சான்றிதழ்களோடு மறைத்து வைத்திருந்த சீட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் சரியாத்தான் படிச்சேன். உன்கிட்டதான் மாத்திச் சொன்னேன்."

பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இரண்டு நாள் என்ற இடத்தில் லட்டுவின் காதில் அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் கடைசி வரி வரை படித்து முடித்தேன்.