முப்பத்தைந்து குதிரை எங்கே போயின?

கலவானையில் தேயிலைக் கொழுந்து வாங்கிப் பாக்டரிக்கு ஏற்றுபவர் கபூர் முதலாளி. அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அவருடைய காரைப் பற்றிக் கேட்காமல் தப்பியவர் எவருமில்லை. 1971-ஆம் ஆண்டு அமெரிக்கக் கார். பஸ்ஸுக்குக் கொஞ்சம்தான் குட்டை. எஞ்சின் நூற்று நாற்பத்தைந்து குதிரைவலு என்று அதன் கையேட்டில் அச்சாகியிருந்தது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினார்.

இரத்தினபுரியிலிருந்து மச்சான் நஜீப் புதிதாக வாங்கிய பழைய காரோடு வந்து இறங்கியபோதுதான் வம்பு பிறந்தது. அதே மாடல், அதே எஞ்சின், ஒரு வயது இளையது. ஆனால் அதன் கையேட்டில் நூற்றுப் பத்துதான் போட்டிருந்தது.

கபூருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒரு வருஷத்துல முப்பத்தஞ்சு குதிரை மௌத்தாப் போச்சா மச்சான்? வாங்க, மலைக்கு மேல மேல்கணக்குத் தோட்டத்து பாக்டரி வரைக்கும் ஓட்டிப் பாப்போம்."

பாதை ஒடுக்கம் என்பதால் ஒருவர் பின் ஒருவராக ஏறி, நேரம் பார்த்தார்கள். கபூருக்கு நாலு நிமிடம் பத்து வினாடி. நஜீபுக்கு நாலு நிமிடம் எட்டு.

கபூர் நேரே ஐயாவுவின் கராஜுக்கு விட்டார். இருபது வருடமாக அந்தக் காரைப் பழுதுபார்ப்பவர் ஐயாவுதான்.

"ஐயாவு, என்ட முப்பத்தஞ்சு குதிரை எங்க?"

"சத்தியமா நான் எதையும் கழட்டி விக்கலைங்க முதலாளி!" என்று பதறிய ஐயாவு, விஷயம் புரிந்ததும் பொனட்டைத் திறந்தார்.

"அப்பல்லாம் எஞ்சினைத் தனியா ஸ்டாண்டுல ஏத்தி அளப்பாங்க. கூலிங் பேன் இருக்காது, அல்டர்னேட்டர் இருக்காது, சைலன்சர் இருக்காது. அது மொத்த வலுங்க. அடுத்த வருசம் எல்லாத்தையும் மாட்டி அளந்தாங்க. அதையெல்லாம் இழுக்கவே எஞ்சினுக்குக் கால்வாசி மூச்சு போயிருது. மிச்சம் நிக்கிறதுதான் நூத்திப்பத்து. ரோட்டுல உங்க காருக்கும் அவ்வளவுதாங்க."

"அப்ப எல்லாத்தையும் கழட்டிப் போடு!"

"கழட்டலாங்க. கொதிச்சு ரெண்டாவது வளைவுல நின்னுரும்."

ஆட்டோவுக்குப் பிரேக் போட வந்திருந்த விஜயகலா எட்டிப் பார்த்தார். வாரத்தில் மூன்று நாள் கபூருக்குக் கொழுந்து கொடுப்பவர்.

"முதலாளி, நான் இருபது கிலோ கொழுந்து கொண்டாந்தா, சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டுன்னு கழிக்கிறீங்களே. அப்ப எங்கிட்ட இருக்கிறது எத்தனை கிலோ?"

"பதினேழு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் கபூர்.

கராஜ் முழுக்கச் சிரித்தது. ஐயாவு மட்டும் மரியாதைக்காகப் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார். கபூருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் கணக்கு அப்போதே மண்டையில் ஏறிவிட்டது; அவ்வளவு சுலபமாக வேறு யாரும் அவருக்கு விளக்கியிருக்க முடியாது.

இருந்தாலும், நூற்றுப் பத்து என்று சொல்ல வாய் வர வேண்டுமே! இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை நஜீபைச் சாப்பாட்டுக்கு அழைத்து, சேர்ந்து உண்ணும் புரியாணிச் சஹன் தட்டில் பெரிய இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு மெல்லச் சொன்னார்:

"மச்சான், விசாரிச்சுப் பாத்தேன். உங்கட காரும் நூத்தி நாப்பத்தஞ்சுதான். கம்பெனிக்காரன் அடக்கி எழுதியிருக்கான்."

நஜீபுக்கு வாயெல்லாம் பல். ஒரு கிழமைக்குள் அந்தச் செய்தி இரத்தினபுரி முழுக்கப் பரவிவிட்டது.